மகள் ‘கியாரு’ ஆகிவிட்டாள், எப்படி நிறுத்துவது?

கேள்வி: நாங்கள் டோக்கியோவில், எடோகாவா வார்டின் நிஷி-கசாயில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை. மகளுக்கு 16 வயது. முதல் வகுப்பிலிருந்தே ஜப்பானியப் பள்ளிதான், இப்போது உயர்நிலைப் பள்ளி முதல் ஆண்டு. இந்தக் கோடை விடுமுறையில் ஆளே மாறிவிட்டாள். முடியை வெளுத்துப் பழுப்பாக்கிக்கொண்டாள். ஒட்டு நகம், ஒட்டு இமை, கலர் லென்ஸ், கணுக்காலில் தொளதொளவென்று சரிந்து கிடக்கும் வெள்ளை சாக்ஸ். கேட்டால் ‘நான் கியாரு’ என்கிறாள். தோழிகளோடு, இளைஞர்கள் கூடும் ஷிபுயா கடைத்தெருவுக்குப் போகிறாள். பேச்சும் மாறிவிட்டது. அப்பாவை ‘நீ’ என்கிறாள். ‘எனக்குப் பிடிச்சதைத்தான் செய்வேன், மத்தவங்க என்ன நினைச்சா எனக்கென்ன?’ என்கிறாள். கியாரு என்றால் என்னவென்று தேடினேன். பணத்துக்காக ஆண்களோடு வெளியே போகும் பள்ளிப் பெண்கள் என்று வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கணவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மாமியார் வீடியோ காலில் பார்த்துவிட்டு, ‘ஏற்கெனவே கறுப்பு, இதுல முடியையும் கெடுத்துக்கிட்டாளே’ என்று அழுகிறார். சின்ன வகுப்புகளில் இவளை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அப்போதெல்லாம் வாயே திறக்காத பிள்ளை. படிப்பில் இன்றுவரை குறையில்லை. தீபாவளி விழாவுக்கு நாலு தமிழ்க் குடும்பங்கள் முன்னால் இவளை எப்படிக் கூட்டிப் போவது? இதை எப்படி நிறுத்துவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் தேடிப் படித்தது 1990-களின் கதை. அந்த ஆண்டுகளில் ஜப்பானில் சில பள்ளி மாணவிகள் வயதான ஆண்களோடு பணத்துக்காகப் பழகியது உண்மை. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைப் பிடித்துக்கொண்டன. குட்டைப் பாவாடையும் பழுப்பு முடியுமாக ஷிபுயாவில் நின்ற பெண்கள் எல்லோர் மீதும் அதே முத்திரையைக் குத்தின. சும்மா கடை பார்க்க வந்த பெண்ணும், தோழியோடு போட்டோ எடுக்க வந்த பெண்ணும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தார்கள். பணத்தை நீட்டிய ஆண்களைப் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது. 1999-இல்தான் ஜப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்து, 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் காசு கொடுத்து உறவுக்கு அழைப்பவர்களைக் குற்றவாளியாக்கியது. அந்தப் பழைய முத்திரைதான் இன்றும் உங்கள் திரையில் வந்து நிற்கிறது. உங்கள் மகளின் சாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உடையை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை முடிவுகட்டும் பழக்கத்தை நம் ஊரிலும் நிறையப் பார்த்திருக்கிறோம். அதை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, கியாரு என்பது என்ன? பழுப்பு முடியும் பளிச்சென்ற அலங்காரமுமாகத் தன் இஷ்டப்படி இருக்கும் ஜப்பானிய இளம்பெண்களின் ஒரு பாணி. மகளோடு பேச வேண்டுமானால் அம்மாவுக்கு இது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஷிபுயா நிலையத்திலிருந்து வெளியே வந்தால் 109 என்று எண் போட்ட உருளைக் கட்டடம் தெரியும், பார்த்திருப்பீர்கள். அது 1979-இல் திறந்தது. 90-களில் அதன் மாடிகள் இளம்பெண்களின் துணிக்கடைகளால் நிரம்பின. உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் சீருடைப் பாவாடையை இடுப்பில் சுருட்டிச் சுருட்டிக் குட்டையாக்கினார்கள், முடியைப் பழுப்பாக்கினார்கள், காலில் லூஸ் சாக்ஸ் போட்டார்கள். அந்த சாக்ஸ் தானாக அப்படி நிற்காது. ரோல்-ஆன் டியோடரன்ட் மாதிரி இருக்கும் ஒரு பசையைக் காலில் தடவி, சாக்ஸை அதில் ஒட்டி நிறுத்துவார்கள். ‘சாக் டச்’ என்று பெயர், உங்கள் மகளின் மேசையிலும் ஒன்று இருக்கலாம். 1995-இல் புரிகுரா ஸ்டிக்கர் போட்டோ இயந்திரம் வந்தது. பேஜரில் எண்கள் மட்டும் போன காலத்தில், 4649 என்று அனுப்பினால் எண்களின் ஒலியை வைத்து ‘யோரோஷிகு’, அதாவது ‘பார்த்துக்கோ’ என்று தோழி படித்துக்கொள்வாள். பெரியவர்களுக்குப் புரியாத ஒரு தனி உலகத்தைக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்துப் பெண்பிள்ளைகளே கட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அவர்களுக்கு உடை சொல்லிக் கொடுத்தது பெரிய டிசைனர்கள் கிடையாது. 109-இன் கடைகளில் நின்ற விற்பனைப் பெண்களும், 1995-இல் தொடங்கிய ‘எக்’ போன்ற பத்திரிகைகளில் வந்த தெருவோரப் படங்களும்தான். ஒகினாவாவிலிருந்து வந்த பாடகி நமியே அமுரோவின் மெல்லிய புருவம், பழுப்பு முடி, குட்டைப் பாவாடை, உயரமான பூட்ஸ் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றிய பெண்களுக்கு 1996-இல் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் அது அடங்கியது. ‘எக்’ 2014-இல் நின்றது, 2018-இல் இணையத்தில் திரும்பி வந்தது. அம்மாக்களின் காலத்து சாக்ஸை இப்போது மகள்கள் தேடிப் போடுகிறார்கள். உங்கள் மகள் எடுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது அலையை.

இனி நான் உங்கள் கடிதத்தில் அதிக நேரம் நின்று படித்த இடத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘சின்ன வகுப்புகளில் இவளை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அப்போதெல்லாம் வாயே திறக்காத பிள்ளை.’

ஜப்பானில் வெள்ளைத் தோல்தான் அழகு என்ற எண்ணம் எவ்வளவு பழையது, எவ்வளவு பலமானது என்று உங்களுக்கே தெரியும். மருந்துக்கடையில் ஒரு வரிசை முழுக்க வெளுப்பாக்கும் க்ரீம்தான். கோடையில் கைக்கு உறை மாட்டிக் குடை பிடித்துப் போகும் பெண்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்த நாட்டில், அந்த அழகைத் திருப்பிப் போட்ட ஒரே பெரிய பெண்கள் கூட்டம் கியாருக்கள்தான். வேண்டுமென்றே தோலைக் கறுக்க வைத்தார்கள். 1999, 2000 வாக்கில் சிலர் முகத்தைக் கரும்பழுப்பாக்கி, உதட்டுக்கும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை தீட்டி ஷிபுயாவில் நடந்தார்கள். ‘அழுக்கு’, ‘பேய்’ என்றெல்லாம் திட்டு வாங்கினார்கள். சிரித்துக்கொண்டே நடந்தார்கள். இன்றைய கியாருக்களில் வெளுத்த முகத்துக்காரர்களும் நிறைய. ஆனாலும் கறுப்புக் கியாரு என்பது அங்கே மரியாதையோடு சொல்லப்படும் ஒரு வகை.

ஆறேழு வயதிலிருந்து தன் நிறத்துக்காகக் கேலி கேட்டு, வாயை மூடிக்கொண்டு, வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்த ஒரு தமிழ்ப் பெண் அந்தக் கூட்டத்துக்குள் போனால் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘உன் கலர் எவ்வளவு அழகு, எங்களுக்கு இதற்கு எத்தனை பாட்டில் தேவைப்படும் தெரியுமா?’ என்று யாரோ ஒருத்தி சொல்லியிருப்பாள். நான் ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம், அவளிடமே கேளுங்கள். ஆனால் வாய் திறக்காத பிள்ளை இன்று வாய் திறந்திருக்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது திமிராகத் தெரிகிறது. பத்து வருடம் பேசாமல் இருந்தவள் முதன்முதலாகப் பேசினால் சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அதே நேரத்தில் வீட்டு வீடியோ காலில் அவள் கேட்பது ‘ஏற்கெனவே கறுப்பு’. பள்ளியில் கேட்ட அதே சொல், இந்த முறை பாட்டியின் வாயிலிருந்து. சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். முடியைப் பற்றி மாமியார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வயதானவர், பழக்கமில்லாத காட்சி. நிறத்தைப் பற்றிய பேச்சை மட்டும் அந்த வீடியோ காலிலேயே, மகளின் காதில் விழும்படி நிறுத்துங்கள். ‘அத்தை, அவ கலரைப் பத்தி இனிமே யாரும் பேச வேண்டாம்’ என்று ஒரு வாக்கியம் போதும். பின்னால் தனியாகச் சொல்வது அவளுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கு உதவாது. ஊரிலிருந்து சிவப்பழகு க்ரீம் வந்தால் பயன்படுத்த விடாதீர்கள். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தோழிகளின் பழுப்பு பாட்டிலிலிருந்து வருவது, ராத்திரி கழுவினால் போய்விடும். இவளுடைய நிறம் திங்கட்கிழமை காலை ரயிலிலும், வேலைக்கு நேர்காணல் போகும்போதும் கூடவே இருக்கும். ஒரு கூட்டத்தில் பாராட்டு வாங்கும் நிறம் அடுத்த அறையில் மறுபடி கேலியாகலாம். அதைத் தாங்க, தோழிகளின் பாராட்டுக்கு மேல் வீட்டின் ஆதரவும் அவளுக்கு வேண்டும்.

நடத்தைக்கு வருவோம், அதாவது அந்த ‘மத்தவங்க என்ன நினைச்சா எனக்கென்ன’.

ஜப்பானியப் பேச்சில் மரியாதை வடிவங்கள் எத்தனை அடுக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயது மூத்த மாணவியிடம்கூட வேறு வினைச்சொல். கியாருக்கள் அதை உடைத்து, எல்லோரிடமும் தோழியிடம் பேசுவது போலவே பேசினார்கள். மனதில் உள்ளதைச் சொல், காக்கா பிடிக்காதே, சோர்ந்திருப்பவளைத் தூக்கிவிடு, தோழியைக் காட்டிக் கொடுக்காதே. ‘கியாரு மனசு’ என்று இதைத்தான் அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்களும் உண்டு. ஷிஹோ ஃபுஜிதா என்ற கியாரு பத்தொன்பது வயதில் நிறுவனம் தொடங்கினார், 2009-இல் மற்ற கியாருக்களைக் கூட்டிக்கொண்டு போய் வயலில் இறங்கி நெல் நட்டார். ஒட்டு நகத்தோடு விவசாயமா என்று கேட்டவர்கள் ஏராளம்.

உங்கள் மகள் அந்தப் பேச்சை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள், அதனால்தான் அப்பா ‘நீ’ ஆகிவிட்டார். நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மா ‘நீ’, அப்பா ‘நீங்க’. ஜப்பானிய மொழியில் நினைத்துத் தமிழில் பேசும் பிள்ளைக்கு அந்த ‘நீ’ எவ்வளவு உறைக்கும் என்று தெரியாமலே இருக்கலாம். கோபப்படாமல் விளக்கிச் சொல்லுங்கள்.

கருத்தையும் மரியாதையையும் தனித்தனியாகப் பிரியுங்கள். நான் சொல்லச் சொல்வது இப்படி: “நீ நினைக்கிறதை அப்பாகிட்ட நேரா சொல்லு, நான் தடுக்க மாட்டேன். ஆனா ‘நீங்க’ன்னு சொல்லு. அது எங்களுக்கு வலிக்குது.” வலிக்கிறது என்று சொல்லுங்கள், ‘நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்று சொல்லாதீர்கள். நாலு பேரைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்பதுதான் அவளுடைய கொள்கை, அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது. தனக்குப் பிடித்தவரை வலிக்கச் செய்யக் கூடாது என்பதும் அவளுடைய கொள்கைதான், அங்கே அவள் காது கொடுப்பாள்.

‘உள்ளதைச் சொல்’ என்ற கொள்கையை அவள் கையில் எடுத்திருப்பது உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. அதை அவளிடமே கேளுங்கள்: “எங்க போறே, யாரோட போறே, எப்ப வருவே, இதை மட்டும் எப்பவும் உண்மையா சொல்லு.” பதிலுக்கு, உண்மையைச் சொன்னதற்காக அவளைத் திட்டுவதில்லை என்று நீங்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். இது கஷ்டம். “புகை பிடிக்கிற ஒரு அண்ணன் கும்பலோட இருந்தான்” என்று அவள் சொல்லும்போது உங்கள் முகம் மாறக் கூடாது. மாறினால் அடுத்த முறை அந்த அண்ணன் கதையில் இருக்க மாட்டான், ஷிபுயாவில் இருப்பான். கேட்டு முடித்து, ‘உனக்கு என்ன தோணுச்சு?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அறிவுரை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

இனி விட்டுக் கொடுக்கக் கூடாதவை. உடை, முடி, நகம், லென்ஸ், பேச்சு, வெளியே போவது என்று எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் எது ஆபத்து, எது வெறும் அலங்காரம் என்று அவளுக்கே புரியாமல் போகும். கழற்றி வைக்கக்கூடிய எதையும் விட்டுவிடுங்கள். ஒட்டு நகத்தை ஞாயிறு போட்டுத் திங்கள் எடுத்துவிடலாம், சாக்ஸுக்கு யாரும் செத்ததில்லை.

கண் அப்படி இல்லை. பவர் இல்லாத கலர் லென்ஸ்கூட ஜப்பானில் 2009 நவம்பரிலிருந்து உயர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருத்துவக் கருவி. அலங்காரப் பொருளைப் போலக் கடையில் கிடைப்பதால் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், கருவிழியின் வளைவை அளந்து எழுதித் தருவார். தோழியோடு மாற்றிப் போடக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. கண் சிவந்து வலித்தால் அன்றே எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கருவிழியில் தொற்று வந்தால் பார்வையே போகலாம். இந்த ஒரு செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ‘போடாதே’ என்று கத்தும் அம்மாவைவிட, மருத்துவரிடம் கூட்டிப் போகும் அம்மாவின் பேச்சுக்கு எடை அதிகம்.

முடிக்குச் சாயம் போடுவதானால், பெட்டியில் எழுதியிருக்கிறபடி 48 மணி நேரத்துக்கு முன்பே கையில் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை. ஒட்டு இமைப் பசைக்கும் இதே கவனம் வேண்டும். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது கறுப்பாக்கி, குளிர்கால விடுமுறையில் வெளுத்து, மறுபடி கறுப்பாக்கி என்று போனால் முடி தாங்காது, தலைத்தோலும் தாங்காது. விக், கிளிப் மாட்டும் கலர் முடி, கழுவினால் போகும் ஸ்ப்ரே எல்லாம் கிடைக்கின்றன, அவளே இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவாள். தோலைக் கறுக்க வைக்கும் விளக்குப் படுக்கையில் தோழிகளுக்குத் துணையாகக்கூடப் படுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-இல் அதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது.

பள்ளி விதி என்ன சொல்கிறது என்று அவள் பையில் இருக்கும் மாணவர் கையேட்டைப் படியுங்கள். ஜப்பானில் முடியைப் பற்றிய சண்டை சின்ன விஷயம் இல்லை. ஒசாகாவில், தனக்கு இயற்கையிலேயே பழுப்பு முடி என்று சொன்ன ஒரு மாணவியைத் திரும்பத் திரும்பக் கறுப்பாக்கச் சொன்னார்கள். அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியதும் பெயரை வகுப்புப் பட்டியலில் இருந்தும், மேசையை வகுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 2017-இல் வழக்குப் போட்டார். 2021-இல் நீதிமன்றம், பெயரையும் மேசையையும் எடுத்தது தவறு என்று 3,30,000 யென் இழப்பீடு தரச் சொன்னது, ஆனால் சாயம் போடக் கூடாது என்ற விதி செல்லும் என்றது. டோக்கியோ பெருநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள், எல்லோருக்கும் கறுப்பு முடிதான் என்று கட்டாயப்படுத்துவதை 2022 ஏப்ரலில் கைவிட்டன. அவள் பள்ளி அந்த வகையா, தனியார் பள்ளியா, சாயத்துக்கு இன்னும் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதி அவளுக்கு அநியாயமாகப் பட்டால் மாணவர் மன்றத்தில் பேசச் சொல்லுங்கள். உள்ளதைச் சொல்வதற்கு அது நல்ல இடம்.

இரவு நேரத்தைப் பற்றி நீங்கள் அவளோடு பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை. டோக்கியோவின் இளையோர் விதிகளின்படி, தகுந்த காரணமில்லாமல் இரவு 11 முதல் காலை 4 வரை 18 வயதுக்கு உட்பட்டவர்களை வெளியே விடாமலிருக்கப் பெற்றோர் முயல வேண்டும், மற்றவர்கள் அழைத்துப் போகவும் கூடாது. காசுக்காகப் பகுதிநேர வேலை கேட்டால், 18 நிறையாதவர்களை இரவு 10-இலிருந்து காலை 5 வரை வேலைக்கு வைக்கச் சட்டம் அனுமதிக்காது. நீங்கள் குடும்ப விசாவில் இருந்தால் அவளுக்குக் குடிவரவுத் துறையின் தனி அனுமதி வேண்டும், அதிலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சம். மீறினால் அது அவளுடைய விசாவையே தொடும். இதைப் பெரியவளிடம் பேசுவது போல உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

ஷிபுயாவில் ‘மாடலாகிறாயா?’ என்று அட்டை நீட்டுபவர்கள் உண்டு. அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், அங்கேயே எங்கும் கூடப் போகக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. சும்மா சாப்பிட வந்தால் காசு தருகிறேன் என்று போனில் செய்தி வரும், இப்படிக் காசுக்காகப் பழகுவதை ‘பாபாகாட்சு’ என்பார்கள். அது நீங்கள் பயந்த அந்தப் பழைய விவகாரத்தின் இன்றைய பெயர், எந்த உடை போட்ட பெண்ணுக்கும் அந்தச் செய்தி வரும், தலைவாரிப் பூ வைத்த பெண்ணுக்கும். வந்தால் அழிக்காமல் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள், காட்டியதற்காகப் போனைப் பிடுங்காதீர்கள். சீருடையில் எடுத்த படத்தை வெளியிட்டால் பள்ளிச் சின்னம் தெரியக் கூடாது.

உங்கள் கணவருக்கு: பேசாமல் இருப்பதைத் தண்டனையாக நினைக்கிறார் என்று புரிகிறது. அவளுக்குத் தெரிவது வேறு. ‘நான் இப்படி இருந்தால் அப்பாவுக்கு நான் வேண்டாம்’ என்றுதான் 16 வயது மனம் கணக்குப் போடும். வேண்டும் என்று சொல்ல வெளியே ஆள் இருக்கும்போது இது ஆபத்தான கணக்கு. அவர் கியாருவை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. “எனக்கு இது பிடிக்கலை. ஆனா சாப்பிட வா” என்றால் போதும், இன்று ராத்திரியே சொல்லலாம். பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லும் அப்பாவை அவளால் மதிக்க முடியும்.

‘இதெல்லாம் கொஞ்ச நாள்தான்’ என்று அவளிடம் இருவருமே சொல்லாதீர்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். கியாருவாக இருந்து, பின்னால் நகத்தை வெட்டிக்கொண்டு நர்ஸாகவும் அலுவலராகவும் போனவர்கள் உண்டு. கியாருவாகவே அம்மாவானவர்களும் உண்டு, அவர்களுக்கென்றே ஒரு காலத்தில் பத்திரிகை வந்தது. ஆனால் அவளுக்கு இன்று இதுதான் வாழ்க்கை. நீங்கள் கொஞ்ச நாள் என்றால், நிரூபிப்பதற்காகவே நீட்டுவாள்.

தீபாவளி விழாவுக்கு அவளை ஒளிக்கவும் வேண்டாம், கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ‘வர்றியா? என்ன போட்டுக்குவே?’ என்று கேளுங்கள். பட்டுப் பாவாடையோடு அந்த நகத்தையும் போட்டுக்கொண்டு வந்தால், யாராவது ஒரு அக்கா உங்களிடம் கேட்பார். ‘அவளே ஒட்டிக்கிட்டா, நல்லா இருக்குல்ல?’ என்று மகளின் காதில் விழும்படி நீங்கள் சொல்லும் பதிலை அவள் ரொம்ப நாள் மறக்க மாட்டாள். நல்லா இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றாவிட்டால் ‘அவளே ஒட்டிக்கிட்டா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை அவளோடு ஷிபுயா போய்வாருங்கள். 109-இல் அவள் எந்தக் கடையில் நிற்கிறாள், யாருக்குக் கை காட்டுகிறாள் என்று பாருங்கள். அங்கே அறிவுரை வேண்டாம். புரிகுரா எடுக்கக் கூப்பிட்டால் போய் நில்லுங்கள்.

கடைசியாக, எப்போது கவலைப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணமோ விலை உயர்ந்த பையோ கையில் இருந்தால். பழைய தோழிகள் எல்லோரும் ஒரேயடியாக விலகிப் போயிருந்தால். காலையில் எழ முடியாமல் பள்ளிக்குப் போகாத நாட்கள் கூடினால். வெயிலிலும் முழுக்கை போட்டுக் கையை மறைத்தால். சாப்பாட்டைத் தொடாமல் இளைத்துக்கொண்டே போனால். ஷிபுயா என்று சொல்லிவிட்டு ஷிஞ்சுகுவின் கபுகிச்சோவில், டோஹோ சினிமாக் கட்டடத்தைச் சுற்றி இரவில் கூடும் பிள்ளைகளோடு இருந்தால். இவற்றில் எதற்கும் அவள் போட்டிருக்கும் உடை காரணம் இல்லை. அடக்கமான கறுப்பு முடிப் பெண்ணிடமும் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படி ஏதாவது தெரிந்தால் வீட்டுக்குள் விசாரணை நடத்தாதீர்கள். பள்ளியில் ‘ஹொகென்ஷிட்சு’ என்ற உடல்நல அறையில் ஒரு ஆசிரியர் இருப்பார், பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள். பள்ளிக்கு வரும் ஆலோசகரிடம் பெற்றோரும் நேரம் கேட்டு வாங்கலாம், கட்டணம் கிடையாது. உங்கள் ஜப்பானிய மொழி போதாது என்றால் மொழிபெயர்க்க மகளையே கூட்டிப் போகாதீர்கள், வேறு ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை லென்ஸுக்குக் கண் மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். விடுமுறை முடிவதற்குள் அது முடிந்துவிட வேண்டும்.